கணவாய் மை

சவுரியம்மாள் விடியற்காலையில் மரக்காணம் போய் மீன் எடுத்துவந்து திண்டிவனம் மார்க்கெட்டில் விற்றாள். கணவாய் மீனை அறுக்கும்போது அதன் மைப்பை உடைந்து விரலில் ஏறும் மை இரண்டு நாளானாலும் போகாது. அது அவளுக்குப் பெரிய தொல்லை.

1984-இல் அவ்வூர்க் கல்லூரியில் விலங்கியல் நடத்திய அரங்கநாதன் அந்த மைப்பைகளைக் கேட்டு வந்தார்.

"இத்த வெச்சிக்கினு இன்னா சார் பண்ணப் போறீங்க?"

"கிருமியைக் கொல்லுதான்னு பாக்கணும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் செவ்வாய்தோறும் பை கிழியாமல் நகத்தால் நெம்பியெடுத்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, ஐஸில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

ஒருநாள் அவர் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டைக் காட்டினார். தட்டு முழுக்கப் பாலாடை போலக் கிருமி படர்ந்திருந்தது. மையிலிருந்து எடுத்த சாற்றை வைத்த இடத்தைச் சுற்றி மட்டும் நாலணாக் காசு அகலத்துக்குக் கிருமி ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் வீட்டில் அவள் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

கேட்டுக்கொண்டிருந்த கணவன் முத்துசாமிக்குச் சர்க்கரை வியாதி. செங்கல் லாரியில் ஏற்றுக்கூலி வேலை. கால் விரலில் ஒரு புண் ஆறாமல் கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் காலை எடுத்துவிடுவார்கள் என்று பயம். அவளுக்குத் தெரியாமல் கூடையிலிருந்து மையெடுத்துத் தடவித் துணி சுற்றிக்கொண்டான்.

ஐந்தாம் நாள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நின்றுவிட்டாள். மீன் நாற்றம் அவளுக்குத் தெரியும். இது மீன் நாற்றமில்லை. துணியை அவிழ்த்தாள். எது மை, எது அழுகிய சதை என்று தெரியாதபடி எல்லாம் கறுப்பாக இருந்தது.

"நீதான சொன்ன, கிருமி சாவுதுன்னு," என்றான்.

அவள் நேரே அரங்கநாதனிடம் போனாள். கேட்டதும் அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அது கண்ணாடித் தட்டும்மா. மனுஷன் உடம்புக்கு ஆகுமான்னு தெரிய இன்னும் எத்தனையோ வருஷம் ஆகும். அன்னைக்கே நான் இதைச் சொல்லியிருக்கணும்."

"வருத்தப்படுறதுக்கு நேரமில்ல சார். ஜல்தியா கெளம்புங்க."

முத்துசாமியையும் கூட்டிக்கொண்டு மூவரும் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினார்கள். ஆஸ்பத்திரியில் மையைக் கழுவிப் புண்ணைக் கண்டுபிடிக்கவே வெகுநேரம் ஆனது. இரண்டு விரல்கள் போயின. பாதம் தப்பியது.

இனி அவள் வரமாட்டாள் என்றுதான் அரங்கநாதன் நினைத்திருந்தார். நாலாவது செவ்வாய்க்கிழமை பாட்டிலோடு வந்து நின்றாள்.

"கோவம் இல்லையாம்மா?"

"கோவந்தான் சார். அதுக்காவ நீங்க பாதியில வுட்டுட்டா, அது மருந்தா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகும், மை கிருமியைக் கொல்லுமாம் என்ற பேச்சைக் கேட்டு, கட்டிக்கு, சிரங்குக்கு என்று மை கேட்டு மார்க்கெட்டுக்கு ஆட்கள் வந்தார்கள். யாருக்கும் அவள் கொடுக்கவில்லை. "ஆஸ்பத்திரியில காலையில எட்டு மணிக்குச் சீட்டு குடுக்குறாங்க, போங்க," என்று அனுப்பிவைத்தாள். முத்துசாமி லாரி வேலையை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து தராசு பிடித்தான்.

வருஷத்துக்கு ஒருமுறையாவது அவள் அரங்கநாதனிடம், "மருந்து ஆயிடுச்சா சார்?" என்று கேட்பாள். அவரும் ஒளிக்காமல், "இன்னும் இல்லம்மா," என்பார்.