தோல் கழுவியவர் வணிகரான கதை

ஒருவர் இறந்து பல காலம் ஆன பிறகு, அவருடைய தொழிலை மாற்றி எழுதும் உரிமை யாருக்கு உண்டு?

தாராவியில் எங்கள் பாப்திஸ்து சபை ஆண்டுவிழா மலர் தயாரித்துக்கொண்டிருந்தது. என் தாத்தாவின் அப்பா வேதமுத்துவைத் தேடி, பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினேன். எங்கள் சபையில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. வளர்ந்தவர் சபையார் முன் நின்று, தான் யார் என்று தன் வாயால் சாட்சி சொன்ன பிறகே தண்ணீரில் முழுக்கு. சொன்னது சொன்னபடி பதிவேட்டில் ஏறும்.

'வேதமுத்து. கிடங்கில் தோல் கழுவுகிறேன்.' பக்கத்தில் பெருவிரல் ரேகை.

மலரின் அச்சுப்படியிலோ... 'திரு. வேதமுத்து, தோல் வணிகர்'!

சபைச் செயலரிடம் இரண்டையும் நீட்டினேன்.

"என் மேல பாயாதீங்க தம்பி. திருத்தச் சொன்னதே உங்க சித்தப்பாதான்."

செம்பூரில் இருக்கும் சித்தப்பாவுக்குச் செயலர் எதிரிலேயே போன் செய்தேன்.

"ஏலே, ஜெனிக்கு மாட்டுங்காவுல ஒரு மாப்பிள்ளை எடம் வந்திருக்கு. அவங்க கையில இந்த மலர் கிடைச்சா? தோல் கழுவுனவன் வம்சம்னா என்ன சாதின்னு உடனே கண்டுபிடிச்சிருவாவ. ஒனக்கென்ன, கல்யாணம் முடிஞ்சிட்டு!"

அந்தப் பயம் பொய்யல்ல — என் ஆத்திரத்தை இரட்டிப்பாக்கியதும் அதுதான். ஆண்டவர் முன் சொல்ல வேதமுத்து கூசாததை, சம்பந்தி வீட்டார் முன் சொல்ல நாம் கூசுகிறோம். கூச வேண்டியவர் யார்? கழுவியவரா, அதைக் கேட்டு முகம் சுளிப்பவரா?

ஆனாலும் ஒன்று உறுத்தியது. நியாயம் பேசுவது நான். விலை கொடுக்கப்போவது சித்தப்பா மகள் ஜெனி. அவளைக் கேட்காமல் முடிவெடுத்தால் நானும் இன்னொரு சித்தப்பாதானே?

பதிவேட்டுப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. போனிலேயே வாசித்துக் காட்டினேன்.

"அந்த அங்கூட்டா அவரோடதா, அண்ணா?"

"ஆமா, அவர் பெருவிரல் ரேகைதான்."



"அப்புறம் சோச்னா கியா ஹை? யோசிக்க என்ன இருக்கு? அவர் சொன்னதையே போடுங்க. பப்பாவை நான் பாத்துக்கிறேன்."

மலர் வெளிவந்துவிட்டது. 'தோல் கழுவும் தொழிலாளி' என்றே இருக்கிறது. மாட்டுங்கா வீட்டுக்கு ஒரு பிரதியை ஜெனியே அனுப்பிவைத்தாள். அங்கிருந்து பதில் இல்லை.

சித்தப்பா இப்போது வேறு வரன் பார்க்கிறார். முதலில் மலரை அனுப்புகிறார். பிறகுதான் பெண்ணின் போட்டோ.