மூணு ரவுட்டரும் 54

கம்பெனியில் நான் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். அந்தத் திமிர் பண்ணின வேலைதான் இது.

2012-ல, இருங்காட்டுக்கோட்டையில் எங்கள் ரூமுக்கு முதல் வைஃபை ரவுட்டர் வாங்கினோம். அட்டைப்பெட்டியில் வேகம் 300 என்று போட்டிருந்தது. என் பழைய லேப்டாப்பில் வைஃபை வேகத்தைக் காட்டுகிற ஸ்கேன் சாஃப்ட்வேர் போட்டுப் பார்த்தால் 54! விடுவேனா? ரவுட்டரையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு, ரூம்மேட் முத்துவையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போய், "டூப்ளிகேட்டா விக்கிறீங்க?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன்.

கடைக்கார அக்கா இன்னொரு புது ரவுட்டரைப் பிரித்து மாட்டினார். 54. மூன்றாவதும் 54.

"பாத்தீங்களா, எல்லாமே போலி!" என்று குதித்தேன்.

திருநெல்வேலிக்காரன் முத்து மெதுவாகக் கேட்டான்: "ஏல, லைன்ல வரிசையா மூணு பீஸ் ரிஜெக்ட் ஆனா, மொதல்ல அளக்குற கேஜைத்தானல செக் பண்ணச் சொல்லுவ?"

அக்காவின் லேப்டாப்பில் அதே சாஃப்ட்வேரைப் போட்டோம். மூன்றும் 300! என் லேப்டாப்பின் வைஃபை கார்டு பழசு. 54-க்கு மேல் அதற்குத் தெரியாது. கண்டுபிடித்த குஷியில் முத்துவைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன்.

"இன்னாப்பா, இப்போ ஓகேவா?" பிரித்த பெட்டிகளை மூடிக்கொண்டே கேட்டார் அக்கா.

"ஸாரிக்கா."

கத்தினது தெருவுக்கே கேட்டது. ஸாரி அவருக்கு மட்டும்தான் கேட்டது.