பாவுக்கு வராத கை

அமுதாவின் பெயரைக் கெடுத்தவள் நான். தெருவே சேர்ந்து கெடுத்தது என்றுதான் இன்றுவரை எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தெரு பிறகுதான் வந்தது. முதலில் வாயைத் திறந்தவள் நான்தான்!

இதை என் கணவரிடம்கூடச் சொன்னதில்லை. காமாட்சியம்மன் சன்னதியில் எத்தனையோ வெள்ளிக்கிழமை நின்றிருக்கிறேன்... அங்கேயும் மகளின் கல்யாணத்தைப் பற்றித்தான் வேண்டிக்கொண்டேன், இதைப் பற்றி மூச்சு விடவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிப்பீர்கள் என்பதற்காக அல்ல. மன்னிக்க நீங்கள் யார்? உள்ளேயே வைத்திருந்து எனக்கே குமட்டுகிறது, அதனால் சொல்கிறேன்.

முதலில் என்னைப் பற்றித்தான் பேசினார்கள்.

என் கணவர் தறியை விட்டு ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். வீட்டுத் தறியில் நானும் என் மகள் கவிதாவும் பட்டு நெய்தோம். அந்தக் காலத்தில்தான் என் இடுப்பில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. முதலில் பொட்டளவு, பிறகு உள்ளங்கை அளவு. கவிதாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். தாய்க்கு வெண்புள்ளி என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? அது தொற்றாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். சம்பந்தி வீட்டார் டாக்டரைக் கேட்டுக்கொண்டா முடிவெடுக்கிறார்கள்?

காஞ்சிபுரத்தில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் தெரிந்த முகம் ஒன்று உட்கார்ந்திருக்கும். ஆகவே வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டில் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டுப் போவேன். நல்ல புடவை கட்டி, தலை வாரி, பூ வைத்துக்கொண்டு போவேன். கோயிலுக்குப் போகிறவள் வேறு எப்படிப் போவாள்?

மூலைவீட்டு வசந்தாவின் தங்கை என்னை வாலாஜாபாத் பஸ் ஸ்டாண்டில் பார்த்திருக்கிறாள். அவளுக்கு அந்தப் பூ போதுமானதாக இருந்தது.

அவதூறு நேராக முகத்துக்கு வராது, தெரியுமா உங்களுக்கு? நாம் குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றுவிடும். நாம் குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பினால் மறுபடி தொடங்கும். ஒருநாள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு பஸ்ஸின் படத்தைப் போட்டார்கள். அடியில் ஒரு வார்த்தைகூட இல்லை. சிரிக்கும் முகங்கள் மட்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக விழுந்துகொண்டே இருந்தன. அந்தக் குழுவில் கவிதாவும் இருந்தாள். அவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் சோறு தின்றாள்.

எனக்கு வாலாஜாபாத்தில் ஒரு ஆள் இருக்கிறானாம்! டாக்டருக்கு வயது எழுபது இருக்கும். இதைச் சொல்லி மறுக்கலாம்தானே என்பீர்கள். மறுத்தால் திட்டைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆள் இருக்கிறான் என்பது நிஜமாகிவிடும். எந்தப் பக்கம் போனாலும் என் மகளின் கல்யாணம்தான் முட்டி நின்றது.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தறியில் ஏற்றுவதற்கு முன் பாவை, அதாவது புடவையின் நீள இழைகள் முழுவதையும், விடியற்காலையில் தெருவின் நடுவே நீட்டிக் கட்டுவோம். கஞ்சி தெளித்து, ஒட்டும் இழைகளைப் பிரித்து, அறுந்ததை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். ஒரு குடும்பத்தால் அது ஆகாது. அதனால் வீட்டுக்கு ஒரு கை வரும். கூலி கிடையாது, கூப்பிடவும் வேண்டாம். இன்று என் பாவு, நாளை உன் பாவு. ஒரு வீட்டிலிருந்து கை வரவில்லை என்றால் அந்த வீடு நம்மைப் பற்றி என்ன நினைக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

அந்த முறை என் பாவுக்கு ஆள் வரவில்லை. கதவுகள் திறந்திருந்தன. வாசலில் நின்று பல் தேய்த்தார்கள். எவரும் இறங்கி வரவில்லை. கவிதாவும் நானும் இரண்டு முனைகளில் நின்றோம், நடுவே இழைகள் தொய்ந்து கிடந்தன.

எதிர்வீட்டு அமுதா மட்டும் வந்தாள். புருஷன் செத்துப் போய் ஒற்றைத் தறியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவள். ஈரத் தலையைத் துண்டில் முடிந்தபடி வந்து, பேசாமல் இழை பிரிக்கத் தொடங்கினாள். அவள் வந்ததைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். பாவு பிழைத்தது.

குனிந்து நிமிர்ந்ததில் என் முந்தானை விலகியிருக்கிறது. அமுதா பார்த்துவிட்டாள். தன் கையாலேயே முந்தானையை இழுத்துச் செருகிவிட்டு, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்.

"இதுக்குத்தான் வாலாஜாபாத்து போய்க்கினு இருந்தீங்களா? நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேங்கா."

சொல்லவில்லை. கடைசிவரை சொல்லவில்லை... அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

இப்போது தணிகாசலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்கிறவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்து ஒருபக்கக் கரையின் நாடாவை, அதாவது குறுக்கு இழை ஓடும் கட்டையை, எறிய வேண்டும். அமுதாவுக்குப் பக்கத்தில் உட்கார ஆளில்லை. அவள் புருஷனின் கூட்டாளி தணிகாசலம், சொந்தத் தறியை இழந்தவர், கூலிக்கு வந்து உட்கார்ந்தார். ஒரே பலகை, தோளுக்குத் தோள். எங்கள் ஊரில் இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வேலை அப்படி.

அதைத்தான் நான் தப்பாக்கினேன்.

கவிதாவுக்கு ஒரு நல்ல இடம் அமைந்துவந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெருவில் விசாரிக்க வருவதாக இருந்தது. அந்த வாரம் வசந்தா என்னை வழிமறித்தாள். முகம் முழுக்கக் கரிசனம்.

"அவங்க வந்து கேட்டா நாங்க இன்னாக்கா சொல்றது? பொய் சொல்லவும் மனசு வரல."

அப்போது விளக்கு வைத்த நேரம். அவள் தோளுக்குப் பின்னால் அமுதாவின் வாசல் தெரிந்தது. வாசலில் தணிகாசலத்தின் செருப்பு கிடந்தது. அவசர வேலையாக இருந்திருக்கும், முகூர்த்தப் புடவையாக இருந்திருக்கும். எனக்குத் தெரியும்! நானும் நெய்கிறவள்தானே, எனக்குத் தெரியாதா?

நான் சொன்னேன். "கோர்வைக்குப் பகல்லதான ஆளு வேணும் வசந்தா? வெளக்கு வெச்சப்புறமும் செருப்பு கெடக்குதே."

அவ்வளவுதான். பொய்கூடச் சொல்லவில்லை, பாருங்கள். ஒரு கேள்வி. வசந்தா மெதுவாகத் திரும்பி அந்தச் செருப்பைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள். பல மாதங்களாக என்னைத் தொடாத கை.

எனக்கு அது இனித்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை. யாரோ என் மேலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததைப் போல நிம்மதியாக இருந்தது. அன்று நன்றாகத் தூங்கினேன். சீ!

அப்புறம் எனக்கு வேலையே இருக்கவில்லை. மறுநாளே செருப்பு இரவு முழுதும் கிடந்ததாக ஆகிவிட்டது. அடுத்த வாரம் புருஷன் உயிரோடு இருக்கும்போதே தொடங்கிய சமாச்சாரமாக ஆகிவிட்டது. வசந்தா வீட்டில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டே அதையெல்லாம் கேட்டேன். நான் பெற்றுப் போட்டது கை கால் முளைத்து என் எதிரிலேயே நடமாடியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்சம் சிரித்தேன்.

என்னைப் பேசிய வாய்கள்தான் அவை. என் மகளைத் தலைகுனிய வைத்த வாய்கள். அந்த எச்சிலின் நாற்றம் எனக்குத் தெரியும். தெரிந்துமா அங்கே போய் உட்கார்ந்தேன்? ஆமாம், உட்கார்ந்தேன். வெளியே நிற்பதைவிட அந்த நாற்றத்தில் உட்கார்ந்திருப்பது சுகமாக இருந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். எங்களைத் தங்கமான குடும்பம் என்று வசந்தா அவர்களிடம் சொன்னாளாம்.

நிச்சயதார்த்தம் முடிந்த சில நாளில் அமுதாவுக்குப் பாவு வந்தது. அரக்குச் சிவப்பு, நல்ல பட்டு, பட்டுக்கடை முதலாளி நம்பி நெய்யக் கொடுத்தது. விடியும் முன்பே அவளும் தணிகாசலமும் தெருவில் நீட்டிக் கட்டினார்கள். அவள் கஞ்சி தெளித்துவிட்டாள். வழக்கம்போல ஆள் வரும் என்று நம்பித் தெளித்துவிட்டாள். அங்கேதான் அவள் தவறு செய்தாள். கைகள் சேரும்வரை கஞ்சியைத் தொடவே கூடாது, காயத் தொடங்கினால் இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஒருவரும் இறங்கவில்லை. ஜன்னல் இடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினாள். வசந்தா தன் வாசலில் நிதானமாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது.

அமுதா என் கதவைத் தட்டினாள்.

"சாந்திக்கா... ஒரு கை குடுங்கக்கா. ஒட்டிக்கினு வருதுக்கா."

நான் போயிருக்கலாம். நாலு எட்டு வைத்தால் தெரு. அன்று அவள் எனக்கு வந்தபோது இரண்டு பேர் பின்னால் வந்தார்களே, நான் போயிருந்தால் எனக்குப் பின்னாலும் வந்திருப்பார்கள். ஆனால் நான் அவள் பக்கத்தில் போய் நின்றால் வசந்தாவுக்கு மறுபடி வாலாஜாபாத் ஞாபகம் வரும்... கல்யாணம் இன்னும் முடியவில்லை...

"தலவலிம்மா, எழுந்துக்க முடியல" என்றேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் சொன்னேன். படுக்கக்கூட இல்லை.

 கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "சரிக்கா, படுத்துக்குங்க" என்றாள்.

பாவு போயிற்று. கற்றை கற்றையாக ஒட்டி, பிரிக்கப் பிரிக்க அறுந்தது. கஞ்சி புளித்த வாடை மதியம்வரை தெருவில் நின்றது. முதலாளி அதன் பிறகு அவளுக்குப் பட்டு கொடுக்கவில்லை. தணிகாசலம் தன்னால்தான் இந்த வினை என்று வருவதை நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் ஆளில்லாமல் கோர்வை ஏது? தறியைப் பிரித்து விற்றாள். தறிக்குழியைப் பலகை போட்டு மூடிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் இரவு ஷிப்டுக்குப் போகத் தொடங்கினாள்.

இத்தனை நாளும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அவள் தப்பியிருப்பாள். "சாந்திக்கு வெண்புள்ளி" என்று சொல்லியிருந்தால் தெரு அவளை விட்டு என்மேல் பாய்ந்திருக்கும். நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பேன். என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் அதைவிடக் கேவலமானதைச் சொன்னவள் நான்.

இப்போது திட்டு என் உதட்டுக்கும் விரல்களுக்கும் வந்துவிட்டது. மறைக்க வழியில்லை. தெரு ஒரு வாரம் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. வசந்தாவே ஏதோ எண்ணெய் வாங்கிக் கொடுத்தாள். கவிதாவின் மாமியார், "இதுல இன்னாமா இருக்குது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். இவ்வளவுதான்! இந்த ஒன்றுமில்லாததை மூடிவைக்கத்தான் ஒருத்தியைத் தெருவில் கிடத்தினேன்.

என் கணவருக்குக் கம்பெனி வேலை போய்விட்டது. மறுபடி தறியில் என் பக்கத்தில் உட்கார்ந்து கரை எறிகிறார். நாளைக் காலை எங்களுக்குப் பாவு.

இன்று சாயங்காலம் அமுதா பஸ்ஸுக்குப் போகிற வழியில் வாசலில் நின்றாள். ஷிப்டு முடிந்து நேராக வந்துவிடுவதாகச் சொன்னாள். தூங்காமல் வர வேண்டாம் என்றேன். அவள் கேட்கவில்லை.

"இந்தத் தெருவுல என்னப் பத்தி ஒரு வார்த்த பேசாதவங்க நீங்க ஒருத்தர்தாங்கா. உங்களுக்கு வராம யாருக்கு வரப்போறேன்?"

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். ஒரு கேள்வி கேட்க அன்று எவ்வளவு சுலபமாகத் திறந்த வாய்! பஸ் ஹாரன் அடித்தது. "பாத்துப் போ" என்றேன்.

நீங்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. சுளியுங்கள். ஆனால் உங்கள் தெருவில் யாருடைய பாவுக்கு நீங்கள் இறங்கவில்லை என்பதையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கஞ்சி காய்ச்சி ஆறவைத்துவிட்டேன். விடிந்ததும் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கி, கண் சிவந்து, நேராக என் வாசலுக்கு வருவாள். அவளுக்கு எதிரில் நின்று நான் இழை பிரிக்க வேண்டும்.