பேருந்து கேட்ட இரண்டு கொட்டாய்கள்

மனு கிடைத்த மூன்று நாளில் ஒப்புகை, முப்பது நாளில் பதில். இது விதி. முப்பத்து நான்கு ஆண்டுகள் தாலுகா அலுவலகத்தில் இருந்ததால், அந்த விதி எந்த அலமாரியில் தூங்கும் என்பதும் எனக்குத் தெரியும். "ஊருக்கு பஸ் கேட்டு பதினோரு மாசமாச்சுங்க சார், பதிலே இல்லீங்க" என்று தருமபுரிப் பக்கத்திலிருந்து ஜோஸ்பின் போன் செய்தாள். அவளுடைய அப்பா எங்கள் அலுவலக உதவியாளராக இருந்தவர். சேலத்தில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

காலை 6.40க்குப் புறப்பாடு. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி குறுக்கே நின்று ஐம்பது நிமிடம் போனது. இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். "உக்காருங்க சார், நீங்க நடந்தா லாரி நகராது" என்றார் நடத்துநர்.

10.30. தருமபுரியிலிருந்து டவுன் பஸ்ஸில் பதினான்கு கிலோமீட்டர், பிறகு மூன்று கிலோமீட்டர் நடை. நர்சிங் படிக்கும் ஜோஸ்பினின் மகளுக்கு இரு வேளையும் இதே நடை. திரும்பும்போது இருட்டிவிடுகிறது. படிப்பை இந்த மாதத்தோடு நிறுத்திவிடுவதாகச் சொல்கிறாளாம்.

மூன்று தலைமுறைக்கு முன் இது வெறும் கடலைக்காடு. சூசை, மாரி என்ற இருவர் காவலுக்கு ஆளுக்கொரு குடிசை போட்டார்கள். இங்கே அதற்குக் கொட்டாய் என்று பெயர். சேர்ந்து ஒரு கிணறு வெட்டினார்கள். காலையில் சூசை இறைப்பார், மாலையில் மாரி. காவலுக்கு வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. இன்று நூற்றுப்பத்து வீடுகள். ஒரு முனையில் மாதா கெபி, மறுமுனையில் மாரியம்மன் கோயில், நடுவே ஓசூர்ச் சம்பளத்தில் எழும்பிய மாடிகள்.

வடக்குத் தெரு 'சூசைக்கொட்டாய்' என்றும், தெற்குத் தெரு 'மாரிக்கொட்டாய்' என்றும் தனித்தனியாக மனுப் போட்டிருந்தன. தலையில் அடித்துக்கொண்டு, 'சூசைக்கொட்டாய் என்கிற மாரிக்கொட்டாய்' என்று கூட்டு மனு எழுதினேன். பழைய மனுக்களை ரத்து செய்யக் கோரும் ஒரு வரியும் சேர்த்தேன்.

மாரியின் பேரன் கோவிந்தன் படித்துப் பார்த்தார். "எங்க பேர ஏனுங்க பின்னாடி போட்டீங்க?"

"பஸ்ஸுல முன் சீட்ட நீங்களே வச்சுக்கங்கண்ணா, கையெழுத்தப் போடுங்க" என்றாள் ஜோஸ்பின்.

"மாத்தி எழுதச் சொல்லு, போடறேன்."

மாற்றி எழுதினேன். கோவிந்தன் போட்டார். இப்போது வடக்குத் தெருவில் ஜோஸ்பினைத் தவிர எவரும் பேனாவைத் தொடவில்லை; முதலில் அவர்கள் போடட்டும் என்று தெற்குத் தெருவின் மற்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

மாலை 6.30. தெருவுக்குத் தெரு அலைந்து ஓய்ந்து, பஸ் நிற்கும் முக்கு ரோட்டுக்கு நடந்தேன். செல்போன் வெளிச்சத்தில் ஒரு பெண் எதிரே வந்தாள். ஜோஸ்பினின் மகள். "மனு போயிருச்சுங்களா?" என்றாள். "நாளைக்குப் போயிரும்" என்றேன். பையில் இருந்தவை இரண்டே கையெழுத்து.

அந்த மனுவை நான் அனுப்பவே இல்லை. இரண்டு பேர் போடுவது கூட்டு மனு ஆகாது. அவ்வளவு விதி எனக்குத் தெரியும். சேலத்தில் என் வீட்டு வாசலில் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து நிற்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு ஜோஸ்பின் போன் செய்தாள். பழைய மனுக்களுக்குத் தனித்தனியாகப் பதில் வந்திருக்கிறது: சூசைக்கொட்டாய்க்குக் காலையில் பஸ் ஒரு நடை, மாரிக்கொட்டாய்க்கு மாலையில் ஒரு நடை. கிணற்று முறையேதான். என் மனு போயிருந்தால் ஒரே ஊர், ஒரே நடை.

"பொண்ணு படிப்ப நிறுத்தலீங்க சார். எல்லாம் நீங்க எழுதுன மனுவாலதானுங்க" என்றாள்.

மறுக்கவில்லை. பதிலின் தேதியை மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டேன்: மார்ச் 19, சூசையப்பர் திருநாள்.