மத்திலேட்டிக்கு வலது பக்கம் யார்?

வங்கித் தேர்வில் தோற்பதற்கென்றே மாதச் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர் ஆந்திராவின் நந்தியாலில் இருக்கிறார் என்று ஒரு பேச்சு கிளம்பியது. ஆளின் பெயர் மத்திலேட்டி. சம்பளம் கொடுப்பவர், சஞ்சீவ நகரில் கோச்சிங் சென்டர் நடத்தும் வெங்கடசிவுடு சார். காரணமும் கூடவே வந்தது. ரீசனிங் பகுதியில் மத்திலேட்டிக்கு ஈடாக மாவட்டத்தில் ஆள் கிடையாது. அவர் தேர்வாகிப் போய்விட்டால் பிள்ளைகளுக்கு வட்ட மேசைப் புதிரைப் புரியவைக்க ஆளில்லை. ஆகவே அவர் தோற்றுக்கொண்டே இருந்தாக வேண்டும்.

எங்கள் ஊரில் வதந்திகூட இப்படித்தான் வரும், ஒரு கூற்று, ஒரு காரணம், கீழே ஒரு முடிவு. ஊரில் பாதிப் பேர் காசு கட்டி அதைத்தான் படிக்கிறார்கள். சரி, விசாரித்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

முதலில் போனது ஓபுளம்மாவின் தள்ளுவண்டிக்கு. சஞ்சீவ நகரின் வருங்கால மேனேஜர்கள் எல்லாரும் காலையில் அவளிடம்தான் உக்கானியும் மிளகாய் பஜ்ஜியும் தின்கிறார்கள். ஊறிய பொரியைப் பிழிந்து வாணலியில் போட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டாள்.

"தோக்குறதுக்குச் சம்பளமா? அப்படி ஒரு வேலை இருந்தா எம் பையனுக்கு முதல்ல சொல்லுங்க. எந்தப் பயிற்சியும் இல்லாம ஏழு வருஷமா அதைத்தான் செஞ்சிட்டிருக்கான்."

"மத்திலேட்டி எப்படிப்பட்ட ஆள்?"

"நல்ல புள்ளை. ஆனா அது முன்னாடி யாரும் பாதிக் கதை பேசக் கூடாது. நேத்து சண்டை போட்டுட்டு வீட்டை விட்டுப் போன ஒரு பொம்பளையைப் பத்திச் சொல்லிட்டு இருந்தேன், நடுவுல பாலு பொங்கிடுச்சு, விட்டுட்டேன். தட்டைக் கையில வச்சிக்கிட்டு நின்னுட்டே இருக்கு. அப்புறம் அந்த அக்கா திரும்ப வந்தாங்களா இல்லையான்னு கேட்டுட்டுத்தான் போச்சு."

வெங்கடசிவுடு சார் இன்னும் சுருக்கமாகப் பேசினார். "சம்பளம் எல்லாம் கிடையாதுங்க. இப்பதான் தோணுது, கொடுத்திருக்கலாம்." பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நான் இங்க கத்துக்கொடுக்கிறது ஒண்ணே ஒண்ணுதான். விட்டுட்டுப் போறது. முப்பத்தஞ்சு கேள்வி, இருபது நிமிஷம். எல்லாத்தையும் யாரும் போட முடியாது. எதை விடணும்னு தெரிஞ்சவன் ஆபீசர் ஆவான். அந்த ஆளுக்கு விடத் தெரியாது. அவ்வளவுதான்."

அவருடைய வகுப்புக்கு வெளியே நின்றால் 'விடு, விடு, அடுத்தது' என்ற சத்தம் தெருவரை கேட்கும். சிந்திக்காமல் இருப்பதற்குக் கட்டணம் வாங்கும் ஒரே பள்ளிக்கூடம் என்று ஒருமுறை என் பத்திரிகையில் எழுதினேன். அதை அவர் பெரிதாக அச்சடித்து வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்.

மத்திலேட்டி தங்கியிருந்தது ராமசுப்பையா என்பவர் வீட்டு மாடியில். கூட இருந்தவன் மாபூ பாஷா. அவனும் அதே தேர்வுக்குப் படிக்கிறவன், வயதில் சில ஆண்டு சிறியவன். நான் போனபோது அறை நடுவே பாயைப் போட்டு, அதைச் சுற்றி எட்டு செருப்புகளை வைத்து மத்திலேட்டி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். மையத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்குச் செருப்பின் முனை உள்ளே. வெளியே பார்ப்பவருக்கு முனை வெளியே. செருப்பில் நின்று பார்த்தால் யாருக்கு எது இடது, எது வலது என்று குழப்பமே வராது. அந்த அறையிலிருந்து போன பிள்ளைகள் இன்று பல ஊர் வங்கிக் கவுண்டர்களில் உட்கார்ந்திருக்கிறார்கள். செருப்புகளில் இரண்டு அவர்கள் விட்டுவிட்டுப் போனவை.

ஒருமுறை 'டேவிட்டின் மனைவி ஃபாரூக்கின் பக்கத்தில் உட்காரவில்லை' என்று புதிர் ஒன்றை உரக்கப் படித்ததைக் கேட்டு ராமசுப்பையா மாடியேறி வந்து, பொம்பளைகள் வந்து போகிற சமாச்சாரம் எல்லாம் இந்த வீட்டில் ஆகாது என்று எச்சரித்தாராம். மத்திலேட்டி அவரை உட்காரவைத்து, அந்த மனைவி கடைசியில் எங்கே உட்கார்ந்தாள் என்று செருப்பு வைத்துக் காட்டி அனுப்பினார். அதன் பிறகு வாடகை கேட்க வரும்போதெல்லாம் ஒரு புதிர் கேட்டுவிட்டுத்தான் அவர் இறங்குவார்.

வதந்தியைச் சொன்னேன். மத்திலேட்டி கோபித்துக்கொள்ளவில்லை.

"சம்பளம் வாங்குறவன் இந்தச் சட்டையையா போட்டிருப்பான், சார்?"

"அப்புறம் எங்கே தடுக்குது?"

பாஷாதான் பதில் சொன்னான். "அண்ணனுக்குப் பதில் தெரியாம எதுவும் தடுக்கல, சார். ஒரு புதிர்ல உட்கார்ந்தா முடிக்காம எழுந்திருக்க மாட்டாரு. ஒரே புதிர்ல பத்து நிமிஷம் போயிடும். பக்கத்துல சின்னச் சின்னக் கேள்வி எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல கிடக்கும். அதைத் தொட மாட்டாரு. ரெண்டு தடவை ஒரு மார்க்குக்கும் குறைவான வித்தியாசத்துல போச்சு."

"அது என்னன்னா சார்," என்றார் மத்திலேட்டி, கொஞ்சம் வெட்கத்தோடு, "எட்டு பேரை மேசைக்குக் கூப்பிட்டு நாலு பேரை உட்காரவச்சிட்டு, மத்த நாலு பேரை நிக்கவச்சிட்டு நாம எழுந்து போறது. அது எனக்கு வரல."

வயது வரம்பின்படி வரப்போகும் தேர்வுதான் அவருக்குக் கடைசி. அது போய்விட்டால் ஆள்ளகட்டாவில் அக்கா புருஷனின் விதைக்கடை. பருத்தி விதைப் பொட்டலங்களுக்கு நடுவே ஒரு ஸ்டூல் அவருக்காகக் காத்திருந்தது. அந்த மாமா மாதம் தவறாமல் போனில் கேட்பார்: "என்னப்பா, இன்னும் யாரையாவது மேசையில உட்காரவைக்கணுமா, இல்ல நீ வந்து உட்காருறியா?" அந்தக் கேலியில் மனத்தாங்கல் இல்லை, பாசம்தான் இருந்தது. அதனாலேயே மத்திலேட்டிக்கு அது வலித்தது.

விடுவதற்கு அவரைப் பழக்க வேண்டும் என்று பாஷா முடிவு செய்தான். அவன் கண்டுபிடித்த வைத்தியம் கொடுமையானது. ஒரு புதிரை வாசிப்பான், பாதியில் நிறுத்தி மூடிவிடுவான். மிச்சத்தைக் கேட்கக் கூடாது. முதல் வாரம் மத்திலேட்டிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பல் துலக்கிக்கொண்டிருக்கும் பாஷாவிடம் வந்து, "அந்தப் பச்சைச் சட்டைக்காரன் எந்த மாடியில இருந்தான்னு மட்டும் சொல்லுடா" என்று நிற்பார். பாஷா வாயில் நுரையோடு தலையை ஆட்டிவிடுவான்.

கடைசியாக ஒன்றை அவனே கட்டினான். நானும் அங்கே இருந்தேன்.

"நானும் சிவுடு சாரும் சேர்த்து ஆறு பேரு வட்ட மேசையைச் சுத்தி, நடுவைப் பார்த்து உட்கார்ந்திருக்காங்க. மத்திலேட்டிக்கு நேர் எதிரே ஓபுளம்மக்கா. அக்காவுக்கு ஒரு பக்கம் வீட்டு ஓனர் ராமசுப்பையா, இன்னொரு பக்கம் பத்திரிகைக்கார சார்." அங்கே நிறுத்தினான்.

மத்திலேட்டிக்குச் செருப்புகூடத் தேவைப்படவில்லை. "மிச்சம் நீயும் சிவுடு சாரும். ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு பக்கம். வலது பக்கம் யாருன்னு சொல்ல இன்னும் ஒரு குறிப்பு வேணும்."

"இருக்கு. ஒரே ஒரு குறிப்பு."

"சொல்லு."

"நீங்க பாஸ் ஆன அன்னைக்கு."

"டேய், இது அநியாயம்."

"இதுதான் நிபந்தனை. இதை விட்டுட்டுப் போயி கர்நூல்ல பரீட்சை எழுதுங்க. அங்கயும் இதே மாதிரி விடுங்க."

மத்திலேட்டி பாயைச் சுருட்டி மூலையில் வைத்தார். பிறகு, "சரி, ஒத்துக்கிட்டேன்" என்றார். அவர் ஒரு புதிரை முடிக்காமல் எழுந்து போனதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். கதவுவரை போய்த் திரும்பிப் பார்த்தார். கேட்கவில்லை.

தேர்வன்று இருவரும் ஒரே பஸ்ஸில் கர்நூல் போய்த் திரும்பினார்கள். மாலையில் ஓபுளம்மாவின் வண்டியருகே இறங்கியபோது பாஷாதான் நிறையப் பேசினான். மத்திலேட்டி விடச் சொன்னபடி விட்டிருக்கிறார் என்று சந்தோஷம் அவனுக்கு.

"முதல்ல வந்த வட்ட மேசையையே விட்டேன், சார்," என்றார் மத்திலேட்டி. "பார்த்ததும் கை போச்சு. இவன் குரல் காதுல கேட்டுச்சு. விட்டேன். அப்புறம் ஏழு மாடிப் புதிர் ஒண்ணு வந்துச்சு, அதையும் விட்டேன். பெட்டி அடுக்கு வந்துச்சு, அதையும். ஒண்ணை விட்டதும் எல்லாத்தையும் விட வந்துடுச்சு."

பாஷாவின் கையில் பஜ்ஜி அப்படியே நின்றது. "அண்ணா, அந்த வட்ட மேசை..."

"என்ன?"

"ஒண்ணுமில்லண்ணா."

"சொல்லுடா. பாதியில நிறுத்தாத."

"அதுதான் இருக்குறதுலயே லேசானது. அதைப் போட்டுட்டு மத்த ரெண்டையும் விடணும்."

மத்திலேட்டி தலையாட்டினார். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கடைசியில் நேரம் கொஞ்சம் மீந்தபோது அந்த வட்டத்துக்குத் திரும்பி வந்திருக்கிறார். "ஆறு பேர் மளமளன்னு உட்கார்ந்துட்டாங்க. மத்த ரெண்டு பேருக்கு நாற்காலி இழுக்கும்போது நேரம் முடிஞ்சு கம்ப்யூட்டர் திரை அடுத்த பகுதிக்கு மாறிடுச்சு." குரலில் புகார் இல்லை. ஓபுளம்மா அவர் தட்டில் இன்னொரு கரண்டி உக்கானி வைத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, சாப்பிடவும் இல்லை.

முடிவு வந்தது. பாஷாவின் எண் இருந்தது. மத்திலேட்டியின் எண் இல்லை. இந்த முறையும் இடைவெளி மிகச் சிறியது. அந்த வட்ட மேசைக்குள் அடங்கிவிடும் அளவு.

வெங்கடசிவுடு சார் மாடியேறி வந்தார். அந்த மாடிக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. உட்காராமலே சொன்னார். "என் சென்டர்ல சேர்ந்துடுங்க. ரீசனிங் முழுக்க உங்களுது. இப்ப நிஜமாவே சம்பளம் கொடுக்கிறேன். ஊர்ல சொன்னது பொய்யாப் போக வேண்டாம்."

"நான் என்ன சொல்லிக்கொடுக்கணும், சார்?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை."

"எனக்கு முடிக்கத்தான் தெரியும். உங்க பிள்ளைங்களுக்கு அது கெடுதல்." கையைக் கூப்பினார். "எனக்கு விடச் சொல்லிக்கொடுத்து என்ன ஆச்சுன்னு நீங்களே பார்த்தீங்க."

சார் கிளம்பினார். இறங்கும்போது வாசலில் கிடந்த செருப்புகளில் தன்னுடையது எது என்று தேடிக்கொண்டு நின்றார். மத்திலேட்டி குனிந்து எடுத்து வைத்தார்.

அந்த வாரமே அவர் ஆள்ளகட்டாவுக்குப் போனார். பாஷா அதற்குப் பின்பு ஒடிசாவில் ஒரு வங்கிக் கிளையில் சேர்ந்தான்.

விதைப்புக் காலத்தில் கடையைப் பார்க்கப் போனேன். மத்திலேட்டி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். விவசாயி ஒருவர் தன் நிலத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்கி, கிணறு, தம்பி, தம்பி மனைவி, போன வருடப் புழு என்று போய்க்கொண்டிருந்தார். பின்னால் ஐந்தாறு பேர் முணுமுணுத்தார்கள். மாமா கல்லாவிலிருந்து "பொட்டலத்தைக் கொடுத்து அனுப்புப்பா" என்று கண்ணால் சொன்னார். மத்திலேட்டி அந்த மனிதர் கிணற்றுக்குத் திரும்பி வந்து முடிக்கும்வரை கேட்டார். அப்புறம்தான் எந்த விதை என்று சொன்னார். ஆக, வியாபாரம் மெதுவாகத்தான் நடக்கிறது. வந்தவர்கள் திரும்ப வருகிறார்கள் என்று மாமாவே, விருப்பமில்லாமல், ஒத்துக்கொண்டார்.

நான் இருக்கும்போதே பாஷாவின் போன் வந்தது. கூட்டத்தில் காதில் விழாததால் மத்திலேட்டி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, இன்னைக்குச் சொல்லிடறேன். அந்தக் கடைசிக் குறிப்பு. எனக்குத் தூக்கம் வரமாட்டேங்குது."

"சொல்லாத."

"சின்ன விஷயம்ணா. ஒரே வரி."

"பாஸ் ஆன அன்னைக்குன்னு சொன்ன. நான் ஆகலையே."

"நிபந்தனையை நான்தானே வச்சேன், நானே எடுத்துடறேன்."

"புதிரை ஆரம்பிச்சப்புறம் நிபந்தனையை மாத்தக் கூடாது, பாஷா. மாத்தினா அது கணக்கே இல்ல." குரல் மென்மையாகத்தான் இருந்தது. "சாப்பிட்டியா? அங்க சாப்பாட்டுல காரம் போடுறாங்களா?"

"இல்லண்ணா, எல்லாத்துலயும் சக்கரை போடுறாங்க" என்றான். பிறகு வேறு பேச்சு.

போனை வைத்தபின் நான் கேட்டேன், வலது பக்கம் யாராக இருக்கும் என்று. மத்திலேட்டி அடுத்த ஆளுக்குப் பொட்டலம் எடுத்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு வாய்ப்பு இருக்கு, சார். ரெண்டையும் வச்சிருக்கேன்."

பாஷா இன்னமும் ஞாயிறுதோறும் கூப்பிடுகிறான். அந்த ஒரு வரி அவனிடம்தான் இருக்கிறது.