ஐந்து நட்சத்திரம் போதுமா?

நேற்றுக் காலை குருபோங் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வரும்போது, என் கணவர் மோட்டார் சைக்கிளிலேயே கண்ணயர்ந்துவிட்டார். நல்லவேளை, வண்டி சாலையோரப் புல்லில் இறங்கி நின்றது. எங்கள் மாடி அறை வெக்கையில் அவருக்குப் பகல் தூக்கமே இல்லை.

இன்று அவருக்கு ஓவர்டைம். அவர் திரும்புமுன், அறைக்குக் குளிரூட்டி வாங்க, காஜா பெராங் கடைத்தெருவில் ஓர் ஏர்கோன் கடைக்கு ஓடினேன்.

ஒரு சின்ன ஏர்கோனில் ஐந்து நட்சத்திர லேபிள் ஒட்டியிருந்தது. “இதையே கொடுங்க. அஞ்சு ஸ்டாரு, நல்லா குளிரும்தானே?” என்றேன்.

கடைக்காரப் பெண் தயங்கினார். “ஸ்டாரு குளிருக்கு இல்லக்கா, கரண்டு மிச்சத்துக்கு. ரூம் பெருசுன்னா இது நாள் பூரா முக்கிக்கிட்டு ஓடும். குளிராது, கரண்டும் மிஞ்சாது. மொதல்ல ரூம் அளவு சொல்லுங்க.”

எனக்குத் தெரியவில்லை. கணவரை அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. இன்றும் வழியில் ஏதாவது ஆகிவிட்டதோ என்று மூன்றாவது முறையும் அழைத்தேன்.

நான்காவது முறை எடுத்தார். “இப்பதான் வீட்டுக்கு வந்து கண்ண மூடினேன் லா. என்னம்மா?”

“ரூம கொஞ்சம் அளந்து சொல்லுங்க.”

எழுந்து அளந்தார். அந்த அளவுக்கு ஏற்ற பெரியதையே, ஐந்து நட்சத்திரத்தில் வாங்கினேன். நாளை வந்து மாட்டுவார்கள்.

இன்றிரவு வேலைக்கு நானே காரில் கொண்டுபோய் விடுவதாக அவரிடம் சொல்லியிருக்கிறேன். நேற்றிலிருந்து எனக்கும் தூக்கமில்லை என்பதை மட்டும் யாரும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.