வேலை தேடாதவளுக்குக் கிடைத்த பதவி

அவளுக்கு சுப்பர்வைசர் பதவி கிடைத்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? மாத்தளையில் மிளகு, கறுவா ஏற்றுமதி செய்யும் கம்பனியில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. வேலையில் நான் மூத்தவள். அந்தப் பதவிக்குக் காத்திருந்ததும் நான்தான்.

நேரே மெனேஜரிடம் போய்க் கேட்டேன். தலைமை அலுவலகம் புதிதாக ஒரு கொம்பியூட்டர் புரோகிராம் போட்டிருக்கிறதாம். முன்பு வேலையை விட்டுப் போனவர்களின் லீவு, வருகை விவரங்களை எல்லாம் படித்துப் பழகி, அடுத்து யார் வேறு வேலை தேடுவார் என்று கணித்துவிடுமாம்.

"அவங்க அடிக்கடி அரை நாள் லீவு போட்டிருக்காங்க. இன்டர்வியூவுக்குப் போறவங்க அப்படித்தான் போடுவாங்களாம். நல்ல ஆள், விட முடியாதே, அதான் பதவியைக் குடுத்துட்டோம். நீங்க எங்கயும் போக மாட்டீங்கன்னும் அதுவே சொல்லுது" என்றார், என்னைப் பாராட்டுவது போல.

இன்டர்வியூவா! மாசியில் முத்துமாரியம்மன் திருவிழாவுக்கு அவள் வீட்டாரின் உபயம் உண்டு. அந்த நாட்களில் பட்டுச்சேலையோடு வந்து, மத்தியானமே கிளம்பிவிடுவாள். கோயில் மடத்தில் அன்னதானத்துக்கு மரக்கறி வெட்டியவளை வேலை தேடியவள் என்று நினைத்துவிட்டது அந்த மெஷின். தேரன்றுகூட ஒபிசில் இருந்து அவள் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள் நான். உண்மையில் வேலை தேடிக்கொண்டிருந்ததும் நான்தான், சாப்பாட்டு நேரத்தில், என் போனில். மெனேஜரிடம் விஷயத்தை உடைத்திருக்கலாம். பொறாமை என்பார்கள். பொறாமைதான், ஆனால் அடுத்தவர் வாயால் அதைக் கேட்க எனக்குப் பிடிக்காது.

சில மாதம் கழித்து கண்டியில் ஒரு இன்டர்வியூ வந்தது. அரை நாள் லீவுக்கு அவள் முன்னால்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. நல்ல சேலையில் என்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"கோயிலுக்கா அக்கா? போயிட்டு வாங்க. என் பேருக்கும் ஒரு அர்ச்சனை வச்சிடுங்க."

"சரிம்மா" என்றேன்.

பஸ் ஏறுவதற்கு முன் உண்மையிலேயே கோயிலுக்குப் போனேன். அவள் பெயர், நட்சத்திரம் எல்லாம் சரியாகச் சொன்னேன், ஒரு குறையும் வைக்கவில்லை. ஐயர் தீபம் காட்டியபோது கையெடுத்துக் கும்பிட்டேன். கண்டி வேலை எனக்குக் கிடைக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவே இல்லை. அந்தக் கொம்பியூட்டர் சொன்னது அவள் விஷயத்தில் பலிக்க வேண்டும் தாயே, சீக்கிரமே பலிக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன்.